வேட்டிக்கு ஏதடா பக்கிள்?

சாமு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, பத்திரமாக இருக்கிறது. ஆனால் இப்போது கோபம் முன்னால் வந்து நிற்கிறது, அதைப் பேசி அனுப்பிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். நேற்றுக் காலை நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது நம் குடும்ப வாட்ஸப் குழுவில் நீ ஒரு படம் போட்டாய். சனிக்கிழமை உன் கல்யாண வரவேற்பில், மேடையின் ஓரத்தில் நம் வீட்டு ட்ரம் செட்டைக் காட்சிக்கு வைக்கப்போகிறாய் அல்லவா, அதன் முன்னால் நிற்கப்போகிற அட்டை. தங்க நிற எழுத்து. “அறுபதுகளின் இங்கிலாந்துத் தயாரிப்பு. என் தந்தை தம் பூந்தாழை இன்னிசைக் குழுவில் வாசித்த அபூர்வ ட்ரம் செட்.” கீழே எனக்கென்று ஒரு வரி: “அம்மா, ஸ்பெல்லிங் மட்டும் பாத்து சொல்லும்மா, பிரிண்டுக்குப் போகணும்.” பார்த்துவிட்டேன். ஸ்பெல்லிங்கில் ஒரு குறையும் இல்லை. மற்றதெல்லாம் தப்பு.

தோசை கருகிப்போய் அடுப்பை அணைப்பதற்குள் குழுவில் இருபது பேர் கைதட்டிவிட்டார்கள். உன் அத்தை, “அண்ணன் ஞாபகம் வந்து அழுதுட்டேன்” என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு என்ன, அவள் கல்யாணமாகிப் பம்பாய் போனவள், அண்ணன் என்ன வாசித்தார் என்றே மறந்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் நீ அதைப் போட்டதால் நானும் எல்லோர் முன்னாலும்தான் பதில் சொல்லப்போகிறேன். இந்தக் கடிதத்தைப் பேப்பரில் எழுதி, போட்டோ பிடித்து, அதே குழுவில் போடுவேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். திங்கட்கிழமை வண்டி வந்து அந்த ட்ரம் செட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகப்போகிறது, அங்கே அதன் ஓட்டைகளையெல்லாம் அடைத்து, மேல் தாளை உரித்து, புதுசாக்கித் தரப்போகிறார்கள் என்று நீ சொன்னாயே, அதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது நீ உன் நண்பன் விவேக்கோடு காத்திருந்தாய். பழைய ட்ரம் செட்டுகளைத் தேடிச் சேர்க்கிற பிள்ளை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன், அவன் வேலை தெரிந்தவன். பின்னறையில் தார்ப்பாயை விலக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்து, பல் டாக்டர் வைத்திருப்பதுபோல ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு உள்ளே உள்ளே பார்த்தான். காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம்முக்குள் தலையை விட்டு மோந்துகூடப் பார்த்தான். “ஏதோ புல்லு வாசனை வருது ஆன்ட்டி” என்றான். வைக்கோல் தம்பி, சத்தம் பரக்கப் பரக்கக் கேட்கக் கூடாது என்று வைக்கோல் அடைத்த சாக்கை உள்ளே போட்டுத்தான் வாசிப்போம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. மடிக்கு முன்னால் இருக்கிற ஸ்நேர் மட்டும்தான் இங்கிலாந்து. அதன் முத்திரைத் தகடு, ஸ்க்ரூவின் தலையில் ஒரே ஒரு கோடு, உள்ளே பலகையைச் சுற்றி ஒட்டியிருக்கிற வளையம் எல்லாம் பார்த்து அறுபதுகளின் ஆரம்பம் என்றான். சரிதான். பொன்மலையில் ரயில்வேக்காரர்கள் நடனமாடுகிற ஹாலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறபோது எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெரிய ட்ரம்மும் அதன் மேல் உட்கார்கிற சின்ன டாமும் ஜப்பான், அறுபதுகளின் கடைசி. இங்கிலாந்து சாமான்போலவே தெரியும்படி செய்து, சிங்கப்பூரில் ஒரு கடைக்காரரின் பெயர்த் தகட்டை அடித்து விற்றது. மூன்று காலில் நிற்கிற பெரிய டாம் கல்கத்தாவில் செய்தது, எழுபதுகள். மேலே ஒட்டியிருக்கிற வெள்ளை முத்துத் தாளில் அலை ஓடுகிற விதமே வேறு என்று விரலை வைத்துக் காட்டினான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெரிய ட்ரம்மைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்த அதிராம்பட்டினத்து மரைக்காயர், “லண்டன் சாமான்மா, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் நம்பியிருந்தேன். ஒரு ஸ்க்ரூவைக் காட்டி அந்தப் பிள்ளை என் கண்ணைத் திறந்துவிட்டான். அதற்காக அவனுக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆக, மூன்று ஊர், மூன்று காலம் என்று உனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். பிறகு எப்படி அட்டையில் மொத்தமும் இங்கிலாந்து ஆனது? நேற்று போனில் கேட்டதற்கு என்ன சொன்னாய்? “ஜப்பான், கல்கத்தான்னு போட்டா வர்றவங்களுக்கு கன்ஃப்யூஷன் ஆகும்மா. இங்கிலாந்துன்னா டக்குனு புடிச்சிக்குவாங்க.” அடப்பாவி! பெங்களூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து உண்மையைத் தோண்டி எடுத்ததெல்லாம் அதை மறுபடி மூடிவைக்கத்தானா? நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவள். சோதனையில் வந்த அளவை அழித்துவிட்டுப் பக்கத்துப் பையனின் அளவை எழுதுகிற பிள்ளைகளை வெளியே நிற்க வைத்திருக்கிறேன். என் பிள்ளை தங்க எழுத்தில் அதையே செய்திருக்கிறான்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். நெஞ்சில் இடித்தது அடுத்ததுதான். ஸ்நேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த விவேக், வாசிப்பவர் பக்கம் இருக்கிற கீறல்களைக் காட்டினான். “இது பெல்ட் பக்கிள் உரசுன தடம்டா சாமு. அங்கிள் எத்தன வருஷம் உக்காந்து வாசிச்சிருந்தா இவ்ளோ ஆழமா விழும் பாரு!” நீ குனிந்து அந்தக் கீறலைத் தடவினாய். உன் கண் கலங்கியது, பார்த்தேன். நான், “அது பெல்ட் இல்ல தம்பி…” என்று ஆரம்பித்தேன். முடிக்க விட்டாயா? “அம்மாவும் சும்மா தட்டுவாங்கடா, கிறிஸ்மஸ்ஸுக்கு” என்று அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளப்பிக்கொண்டு போனாய்.

சும்மா தட்டுவாங்களா? டேய், வேட்டிக்கு ஏதடா பக்கிள்? உன் அப்பா ஆயுசில் என்றைக்காவது பேண்ட் போட்டு மேடையேறிப் பார்த்திருக்கிறாயா? ஒரு போட்டோவாவது காட்டு. பட்டு வேட்டி, இல்லாவிட்டால் மல் வேட்டி, அதற்கு மேல் பெல்ட்டுகூடக் கட்ட மாட்டார், நழுவ நழுவ இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டே அக்கார்டியன் வாசிப்பார். ஆமாம், அக்கார்டியன். மார்பில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிக்கிறது. அவருக்கு ட்ரம்ஸில் ஒரு தாளம் ஒழுங்காகப் போடத் தெரியாது. நாலு எண்ணச் சொன்னால் மூன்றே முக்காலில் பாட்டுக்குள் போய்விடுவார், நான்தான் இழுத்துப்பிடித்து நிறுத்துவேன். அந்தக் கீறல் என் இடுப்புச் சாவிக்கொத்து. பெட்டிகளின் சாவி, வேன் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் ஒரே கொத்தாக என் இடுப்பில்தான் தொங்கும், ஏனென்றால் குழுவில் இருந்த ஆம்பிளைகளிடம் கொடுத்தால் பந்தியிலே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பக்கிளாக இருந்தால் தடம் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்? அது ஓரமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறதே என்று அவ்வளவு ஆராய்ச்சி பண்ணிய இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

உன் பெண்டாட்டியாகப் போகிறவளுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை பிரியா ஜாக்கெட் அளவுக்காக வந்தவள், வெளியே எடுத்துவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தையும் பார்த்துவிட்டு, “அத்தை, மாமாவுக்கு இடது கை பழக்கமா?” என்று கேட்டாள். ஏன்மா என்றேன். “ட்ரம்ஸ் வாசிக்கிறவங்களுக்கு அந்த ரெண்டு தட்டும் சேர்ந்து தட்டுறது இடது பக்கம்தானே இருக்கும், படத்துல மாமாவோட வலது கைப் பக்கம் இருக்குதே” என்றாள். மாடு, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற பெண்ணுக்கு இருக்கிற கண் உனக்கு இல்லை. உன்னிடமும் அவள் இதைக் கேட்டாளாம். நீ விவேக்கைக் கேட்டாயாம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்திருப்பான் என்று இருவரும் முடிவு கட்டினீர்களாம். படம் திரும்பி அச்சானால், பெரிய ட்ரம்மின் முகத்தில் எழுதியிருக்கிற ‘பூந்தாழை’யும் திரும்பித்தானே இருக்க வேண்டும்? தினம் அந்தப் படத்துக்குக் கீழேதானே உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தாய்? பெயர் நேராக இருக்கிறது. ட்ரம் செட்தான் இடம் மாறி இருக்கிறது, ஏனென்றால் அதை வாசித்தவளுக்கு இடது கை.

அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறேன். திருக்கடையூரில் ஒரு மிராசுதாரின் அறுபதாம் கல்யாணம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் கச்சேரி. பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவர் ஒருவர் வந்திருந்தார். குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டார், உன் அப்பா முன்னால் வந்தார். “சார், நீங்க ட்ரம்ஸ்ல உக்காருங்க சார், அதான் எடுப்பா இருக்கும். அம்மா, நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க.” உன் அப்பா தயங்கினார், “வாசிக்கிறது அவங்கதாங்க” என்று சொல்லவும் சொன்னார். “அட, ஒரு போட்டோவுக்குத்தான சார்!” நான் எழுந்தேன். அவர் அக்கார்டியனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். படத்தைக் கிட்டே போய்ப் பார், அடிக்கிற குச்சிகளைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்திருப்பார். வலது ஓரத்தில் ஒரு புடவைக் கரை தெரியும். அது நான்தான். பத்திரிகையில் ‘பிரபல ட்ரம்ஸ் கலைஞர்’ என்று போட்டுவிட்டார்கள். உன் அப்பாவுக்கு ஒரு வாரம் வெட்கம், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். நான்தான் சிரித்துவிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அதில் அவர் அவ்வளவு அழகாக இருந்தார். அழகுக்காக மாட்டிய படம் ஒரு நாள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இப்போது ஓட்டைகளுக்கு வருகிறேன். பெரிய ட்ரம்மின் மேல் தேவையில்லாத ஓட்டைகள் இருக்கின்றன, யாரோ தெரியாதவன் துளை போட்டுக் கெடுத்திருக்கிறான், அவற்றை அடைத்தால்தான் மதிப்பு என்று விவேக் சொன்னான். நீயும் தலையாட்டினாய். யாரோ தெரியாதவனா? அதைப் போட்டது உன் அப்பா.

என் கையைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து என்னை வலது கையால் எழுத வைத்தார்கள், இந்தக் கடிதம்கூட அந்தக் கையால் எழுதுவதுதான். வீட்டில் சோற்றுக்கை பீச்சக்கை என்று சொல்லிச் சொல்லியே வலது கையால் சாப்பிட வைத்தார்கள். எங்கள் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு மஞ்சள் காமாலை வந்து, வேறு வழியில்லாமல் நான் முதல்முதலாக மேடையில் உட்கார்ந்தபோது, கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டு அம்மாள் எழுந்து வந்து, “நல்ல காரியத்துல பீச்சக்கையால அடிக்குதே இந்தப் பொண்ணு” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். குழுவில் இருந்தவர்களும், “அக்கா, ஒரு ஆறு மாசம் வலது பக்கமா பழகிக்கிடுங்களேன், சாமான் அப்படித்தான செஞ்சிருக்கான்” என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. சின்ன டாமை மாட்டுகிற இரும்புப் பட்டை பெரிய ட்ரம்மின் ஒரு பக்கமாகத்தான் இருந்தது, இடது கைக்காரிக்கு அது எட்டாது, தோள் போய்விடும். நானும் சரி என்று வலது பக்கமாகப் பழக ஆரம்பித்தேன். ஒரு மாதம் உன் அப்பா பார்த்தார். அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. “எழுதறதுக்குக் கைய மாத்துனாங்க, திங்கிறதுக்கு மாத்துனாங்க. வாசிக்கிறதுக்குமா? விடு டீச்சர், கைய மாத்த வேணாம், ட்ரம்ம மாத்துவோம்” என்றார்.

சர்ச்சுக்கு பெஞ்சும் சவப்பெட்டியும் செய்கிற ஆசாரி பட்டறைக்குப் பெரிய ட்ரம்மைச் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். ஆசாரி தொட மாட்டேன் என்றுவிட்டார். “லண்டன் சாமான்ங்கிறீங்க, ஓட்ட போட்டு வெடிச்சிருச்சுன்னா நான் எங்க போவேன்?” உன் அப்பாவே துளைப்பானை வாங்கினார். அளந்து, பென்சிலால் குறித்து, வியர்க்க வியர்க்கத் துளை போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பழைய பட்டைக்குப் பக்கத்திலேயே ஓட்டை! மனுஷர் எந்நேரமும் எனக்கு எதிரே ஜனங்களைப் பார்த்து நின்று வாசித்துப் பழகியவர், என் இடத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, எதிரே நின்றபடியே இடது வலது பார்த்துக் குறித்திருக்கிறார். ஆசாரி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உன் அப்பா சுற்றி வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்து நீட்டி, எங்கே எட்டுகிறது என்று பார்த்து, மறுபடி அளந்து, சரியான இடத்தில் போட்டார். தப்பாய்ப் போட்டதைச் சர்ச்சில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தியை உருக்கி அடைத்தார். “என்ன ஆன்ட்டி இது, ஏதோ மெழுகு மாதிரி இருக்குது?” என்று விவேக் கேட்டானே, அதுதான் இது. பதில் சொல்வதற்குள் நீ ஹோட்டலில் மேசை சொல்லியிருக்கிறேன், நேரமாகிறது என்றாய்.

பக்கவாட்டில் இருக்கிற சின்ன ஓட்டையும் கெடுதல் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. மைக் ஒயருக்காக இருக்கும் என்று ஊகித்தீர்கள். அப்போது எங்களுக்கு ட்ரம்முக்குள் வைக்க மைக் ஏது? ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் நம் ஊரில் துணி காயாது, தோல் எங்கே காயும்? பிளாஸ்டிக் முகம் கிழிந்து, வேறு கிடைக்காமல் தோல் போட்டுக் கட்டியிருந்தோம். ஈரத்தில் அது தொப்தொப்பென்று ஆகிவிடும். அதற்காக உள்ளே ஒரு பல்பு, அதன் ஒயர் போகத்தான் அந்தச் சின்ன ஓட்டை. சூட்டில் தோல் விறைப்பாக நிற்கும், போதாக்குறைக்கு வெளிச்சத்தில் ‘பூந்தாழை’ என்ற எழுத்தும் சிவப்பாகத் தெரியும். தெப்பமாய் நனைந்த பந்தலில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று எங்கள் ட்ரம்மைப் பார்த்துத்தான் சமையல்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அந்தச் செட்டில் கடைசியாக நான் கச்சேரி வாசித்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில். குறுவை அறுத்து முடித்த கையோடு வைத்த கல்யாணம். எனக்கு ஏழாம் மாதம். வயிறு ஸ்நேரில் இடித்தது, ஸ்டூலைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் கை நுனியால்தான் எட்ட முடிந்தது. பெரிய ட்ரம்மை மிதிக்கும்போதெல்லாம் நீ உள்ளேயிருந்து உதைத்தாய். நான் நிறுத்தினால் நீயும் நிறுத்துவாய். உன் அப்பாவிடம் சொன்னபோது பாட்டுக்கு நடுவிலேயே அக்கார்டியனோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தார். உனக்கும் அந்த ட்ரம்முக்கும் நடுவில் ஒரு புடவைதான் இருந்தது சாமு. அதை உன்னைவிடக் கிட்டே இருந்து கேட்டவர் யாரும் கிடையாது. நீதான் இன்று அதை வேறொருவர் வாசித்ததாக அட்டை அடிக்கிறாய். நீ பிறந்தாய், பள்ளிக்கூடம், பால், பரீட்சைப் பேப்பர் என்று ஆகிவிட்டது, குழுவுக்கு வேறு ஆள் வந்தார், அவர் சொந்தச் செட்டோடு வந்தார். அதனால் நான் வாசித்ததை நீ கண்ணால் பார்க்கவில்லை, சரி. கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் கேட்டதற்கு வாசித்ததைத்தான் பார்த்தாய், சரி. ஆனால் கேட்டிருக்கலாமே? மழைக்காலம் தவறாமல் பின்னறையில் ட்ரம்முக்குள் பல்பு போட்டு, ஸ்க்ரூவுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறாளே இவள், எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டாயா? ஸ்க்ரூவைக் கேட்டீர்கள், தகட்டைக் கேட்டீர்கள், தாளின் அலையைக் கேட்டீர்கள். காபி கொண்டுவந்தவளைக் கேட்கவில்லை.

கல்யாணமாகப் போகிறவனுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பொறுத்துப் போ, விட்டுக்கொடு என்று சொல்லிக்கொள்ளட்டும். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். போன மாதம் நிச்சயதார்த்தத்தில் உன் ஆபீஸ்காரர்களிடம், “பிரியாவும் சும்மா ஒரு கிளினிக் வச்சிருக்கா” என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் முதல் நாள் ராத்திரிதான் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தொழுவத்தில் மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையை விட்டுக் கன்றுக்குட்டியை உயிரோடு வெளியே எடுத்திருந்தாள், கையில் கீறல்கூட ஆறவில்லை, மருதாணிக்கு அடியில் தெரிந்தது. நீ சும்மா என்றதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். திருக்கடையூரில், ஸ்டூலை விட்டு எழுந்தபோது நான் சிரித்த சிரிப்பு அது. உன் அப்பாவாவது அன்றைக்குத் தயங்கினார். நீ தயங்கக்கூட இல்லை. இந்தச் சும்மாவை இனி அவள் விஷயத்தில் உன் வாயில் கேட்டேன் என்றால், மாமியார் யார் பக்கம் நிற்பாள் என்று நினைக்கிறாயோ அந்தப் பக்கம் நிற்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

இனி நடக்க வேண்டியது. திங்கட்கிழமை வண்டி வர வேண்டாம். விவேக்கிடம் நானே போனில் பேசிவிட்டேன். அவன், “சாரி ஆன்ட்டி, எனக்கு யாருமே சொல்லல” என்று பத்துத் தடவை சொன்னான், அந்தச் சாவிக்கொத்து இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டான். இருக்கிறது. ஒரு ஓட்டையைக்கூட அடைக்கக் கூடாது. மெழுகைச் சுரண்டக் கூடாது. கல்கத்தா டாமை மாற்றக் கூடாது, அது வேறு அலையோடு இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கும்தான். அவர் பெயரை எங்கே போட வேண்டுமோ அங்கே போடு, அந்த இரண்டு ஓட்டைகளுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடம், வீடு, குழு என்று எல்லோரும் என் கையை மாற்றச் சொன்னபோது எனக்காக ட்ரம்மை மாற்றியவர் அவர். வாசித்தார் என்று பொய் சொல்லி அவரைச் சின்னவராக்காதே.

நேற்று மத்தியானமே பிரியாவும் நானும் செட்டை ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் வைத்துவிட்டோம். எனக்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஸ்டூலின் உயரத்தை யாரும் தொடக் கூடாது என்று மேடை அலங்காரம் செய்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பல்பு புதுசு போட்டாகிவிட்டது. மேடையில் மாப்பிள்ளைக்கு அம்மா என்று எனக்குப் போட்டிருக்கிற சிவப்பு வெல்வெட் நாற்காலியை எடுத்துவிடச் சொல், எனக்கு உட்கார வேறு இடம் இருக்கிறது. வயது ஆகிவிட்டது, மணிக்கட்டு வலிக்கிறது, ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. ஒரு பாட்டு போதும். நீயும் பிரியாவும் உள்ளே நுழையும்போது நான் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவேன், நாலு முடிந்த பிறகு நடங்கள். உன் அப்பாவைப்போல மூன்றே முக்காலில் கிளம்பாதே.

அட்டையை மாற்றச் சொல்லி நான் கெஞ்சப்போவதில்லை. மாற்ற மனசில்லை என்றால் அப்படியே அடித்துக் கொண்டுவா. பெரிய ட்ரம்முக்கு முன்னாலேயே, நன்றாகத் தெரிகிற மாதிரி வை. வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும். படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கட்டும்.

சாவிக்கொத்தோடு வருகிறேன்,
அம்மா